புக்தி அண்ணனின் அமுக்கரா ஆராய்ச்சி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சந்தேகப் பிராணிகள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை நம்பாமல், ஒரு மாதம் தினமும் வாசலில் நின்று பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, "சரிதான், இதுவரைக்கும் கிழக்கதான்" என்று ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் புக்தி அண்ணன்தான். அப்போதும் அந்த "இதுவரைக்கும்" என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மலாய் மொழியில் புக்தி என்றால் ஆதாரம். யார் எதைச் சொன்னாலும் "புக்தி மானா?" என்பார், அதாவது ஆதாரம் எங்கே என்று. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எதிர்வீட்டில் ஏழு வருடம் குடியிருந்த எனக்கு அது தெரியாது. அவர் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில்கூட "புக்தி அண்ணன் குடும்பத்தார்" என்றுதான் எழுதியிருக்கும்.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, குருண் பட்டணத்துக்கு வெளியே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஒரே தெரு, இரு பக்கமும் வரிசையாக வீடுகள். முக்கால்வாசி வீடுகளில் யாராவது ஒருவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்வார்கள். புக்தி அண்ணனும் அங்கேதான். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இருபது வருடம் ஓட்டை தேடியே பழகிய கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

ஒரு கல்யாணத்தில் மேடையில் நின்றவர், ஆயிரக்கணக்கில் திரண்டிருக்கும் உறவினர்களே என்று மைக்கில் ஆரம்பித்தார். புக்தி அண்ணன் எழுந்து மண்டபத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மேடைக்குப் போய், காதோரம் குனிந்து, நானூற்றுப் பன்னிரண்டு என்றார். மைக் அணைக்கப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை அவரோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் வீட்டு முன்புறக் கார் நிறுத்துமிடத்தில் பெஞ்சு போட்டு டியூஷன் நடத்துகிறவள். என் மாணவன் ஒருவன் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியதும், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததால்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி பெருமை அடித்துக்கொண்டேன். அவர் சாவகாசமாக வேலியோரம் வந்து, உங்ககிட்டப் படிக்காம இருந்திருந்தா எவ்வளவு எடுத்திருப்பான் டீச்சர் என்று கேட்டார். ஒரு வாரம் நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி பாக்கியம் அக்கா, எதையும் உடனே நம்பிவிடுவார். அவரும் அதே தொழிற்சாலை, ஆனால் இரவு ஷிப்டு. பகல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல மாதமாகக் காத்திருந்தார். அவருடைய தொல்லை, பகலில் தூக்கம் வராது என்பது. காலையில் வீட்டுக்கு வந்து படுப்பார். ரொட்டி விற்பவர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். அவர் போனதும் புல் வெட்டும் இயந்திரம் கிளம்பும். அது ஓய்ந்தால் பழைய பேப்பர் லோரி, "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் அலறியபடி தெருவை அளக்கும். பாக்கியம் அக்கா எழுந்து துணி துவைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரு காலை, வேலை முடிந்து வரும்போது தெரு முனையில் மோட்டாரோடு லோங்காங்குக்குள், அதாவது சாக்கடைக் கால்வாய்க்குள், போய்விட்டார். நல்லவேளை, தண்ணீர் கணுக்கால் அளவுதான். முட்டி சிராய்த்து, ஒரு செருப்பு போனது. தூங்கல, சும்மா கண்ணைத்தான் மூடினேன் என்று எல்லாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இப்படியே தூங்காமல் மோட்டார் ஓட்டினால் அடுத்த முறை லோங்காங்காக இருக்காது, லோரியாக இருக்கும் என்று.

அன்றைக்குப் புக்தி அண்ணன் யாரிடமும் எதற்கும் ஆதாரம் கேட்கவில்லை. மோட்டாரைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். அவ்வளவு பயந்த முகத்தை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கடைசி வீட்டுக் கமலா அக்கா வந்து சேர்ந்தார். கமலா அக்கா வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்பவர். அப்போது அவர் கையில் இருந்தது அசுவகந்தா, நம் பக்கத்துப் பேச்சில் அமுக்கராக் கிழங்குப் பொடி. தூக்கத்துக்கு நல்லது என்று ஆரம்பித்தவர், மூட்டு வலி, முடி கொட்டுதல், மனக் கவலை என்று போய், கல்யாணத் தடையில் வந்து நிறுத்தினார். பாக்கியம் அக்கா ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "புக்தி மானா?"

அடுத்த பத்து நாளும் என் டியூஷன் மேசையில் அவரும் ஒரு மாணவர். கைத்தொலைபேசியில் அமுக்கராவைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் படித்துச் சொல்வேன். எனக்குப் புரியாத இடங்களில் நான் வேகமாகப் படித்தேன், அதையும் கண்டுபிடித்து நிறுத்தினார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: வேர்ப்பொடியோ சாறோ எடுத்தவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது, தூக்கம் கொஞ்சம் சீர்பட்டது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆட்கள் குறைவு, வாரங்களும் குறைவு. ஒவ்வொரு ஆய்விலும் ஒவ்வொரு அளவு. முடிக்கும் மூட்டுக்கும் தேடினால் சான்று இன்னும் மெலிந்துபோகிறது. கல்யாணத் தடையைப் பற்றி எந்த விஞ்ஞானியும் வாய் திறக்கவில்லை.

"பலன் இருக்குன்னும் சொல்றான், இன்னும் பாக்கணும்னும் சொல்றான். நம்ம ஆளுங்களுக்கு, நம்ம ஷிப்டுக்கு, இந்தத் தெருவுல வேலை செய்யுதான்னு யாரு லா பாத்தா?" என்றார் என்னிடம். அந்தக் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் ஆராய்ச்சி நடக்கப்போகிறது.

முதலில் அரசாங்கக் கிளினிக்கின் மருந்தாளர் பெண்ணிடம் போனார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. அந்தப் பெண் பொறுமைசாலி. இதை ஆராய்ச்சி என்றெல்லாம் சொல்லாதீர்கள் அங்கிள், எட்டு வாரத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார். கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தைராய்டு மாத்திரை போடுபவர்கள் தொடவே கூடாது, வேறு மாத்திரை எது போட்டாலும் முதலில் என்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். புக்தி அண்ணன் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் முதல் பூகம்பம். கமலா அக்கா பல வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுபவர். சேர வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரைப் புக்தி அண்ணன் அடித்துவிட்டார்.

"நான் விக்கிற சாமான நானே சாப்பிடக் கூடாதா? என்னா லா கதை இது?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார்.

சாப்பிடக் கூடாது என்பதைவிட, தெருவே சேரும் ஒரு காரியத்தில் தன்னைச் சேர்க்கவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மற்ற வீடுகளும் அவர் பக்கம் சாயத் தொடங்கின. ஆராய்ச்சி தொடங்கும் முன்பே கவிழ்ந்துவிடும் போலிருந்தது. புக்தி அண்ணன் ஓர் அட்டையில் "வெளிப் பார்வையாளர்" என்று என்னைக் கொண்டு எழுத வைத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். தினமும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று கேட்டு எழுத வேண்டியது அவர் பொறுப்பு. அன்றிலிருந்து கமலா அக்கா அந்த அட்டையில்லாமல் பாசாருக்குக்கூடப் போனதில்லை.

திட்டம் இதுதான். இருபது பேர். பாதிப் பேருக்கு அமுக்கரா, பாதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியக் கூடாது, புக்தி அண்ணனுக்கும் தெரியக் கூடாது. இதை எல்லாரிடமும் ஒளிக்காமல் சொன்னார். எல்லாரும் சம்மதித்தார்கள். இருபது பேருமே தனக்கு வேரும் பக்கத்து வீட்டுக்கு மாவும் வரும் என்று நம்பியதுதான் காரணம்.

மாவுக்கும் வேர்ப்பொடிக்கும் ஒரே நிறமும் வாசமும் வேண்டுமே. அசுவகந்தா என்றால் குதிரை வாடை என்று பொருள். குருணில் குதிரைக்கு எங்கே போவது? அரிசி மாவைச் சிவக்க வறுத்து, வெந்தயத்தைப் பொடித்துப் போட்டு, பாகற்காயைக் காயவைத்து இடித்துக் கலந்தார். பிறகு விசாரித்துத் தேடி, பினாங்கில் ஒரு காலத்தில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த மணியம் தாத்தாவைக் கூட்டி வந்து, இரண்டு கிண்ணத்தை நீட்டினார். தாத்தா கண்ணை மூடி நிதானமாக மோந்தார். "ரெண்டுமே குதிரை இல்ல தம்பி. ஆனா ரெண்டும் ஒண்ணு போலத்தான் நாறுது" என்றார். புக்தி அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தாத்தாவின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

நிரப்பியது நான். தீபாவளிப் பலகாரம் போடும் சிவப்பு மூடிப் போத்தல்கள் இருபது. புக்தி அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, சீட்டு எடுத்து, எண் போட்டு, எந்த எண்ணில் எது என்று எழுதிக் கவரில் வைத்து ஒட்டினேன். பாக்கியம் அக்காவின் எண்ணுக்கு விழுந்தது மாவு.

யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அவருக்கே மாவு. சொல்லவும் முடியாது, மாற்றவும் முடியாது. மாற்றினால் புக்தி அண்ணனுக்குத் துரோகம், மாற்றாவிட்டால் அக்காவுக்கு. தினமும் காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டு அடுப்படியில் அக்கா வெதுவெதுப்பான பாலில் பக்தியோடு கலக்குவது என் ஜன்னலிலிருந்து தெரியும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

வாய் பிடுங்க வந்தவர்கள் ஏராளம். ஒரு வீட்டார் கோத்தா கோலா மூடாவிலிருந்து வாங்கி வந்த மீனைக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்து, சும்மா ஒரு கண்ணசைவு போதும் டீச்சர் என்றார்கள். குழம்பைச் சாப்பிட்டேன், கண்ணை அசைக்கவில்லை. ஆனால் இரண்டாம் வாரம் பாக்கியம் அக்காவே வந்து நின்றார்.

"எனக்கு நெச வேரா டீச்சர், மாவா? அவர்கிட்ட சொல்ல மாட்டேன்."

கவரை ஒட்டிவிட்டேன், மறந்துபோச்சுக்கா என்று புளுகினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"மாவா இருந்தாலும் பரவால்ல. அந்த மனுசன் இவ்வளவு மெனக்கெடுறாரு. குடிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் நாலாம் வகுப்புக் கணக்கையே தப்பாகப் போட்டேன்.

இதற்கிடையில் புக்தி அண்ணனுக்கு ஒரு கவலை. தெருவில் சத்தம் ஒரு நாளைப் போல் ஒரு நாள் இல்லை. லோரி வரும் நாளில் எல்லாரும் குறைவாகத் தூங்கினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? எல்லா நாளும் ஒன்று போல இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை, காலை முழுக்க வீட்டில். என்னிடம் மாதிரித் தேர்வு நாளில் மாட்டும் பலகை ஒன்று இருந்தது. "அமைதி, தேர்வு நடைபெறுகிறது" என்று மலாயில் எழுதியது. அதை வாங்கிக்கொண்டுபோய்த் தெரு முனையில் கட்டினார். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்த நாட்டில் எதை மதிக்காவிட்டாலும் பரீட்சையை மதிப்பார்கள். ரொட்டிக்காரர் ஹாரனை விட்டுவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். புல் வெட்டுபவர் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேப்பர் லோரிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பேப்பர், பேப்பர் என்று கிசுகிசுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஐந்தாவது வாரம் அவர் பொறுக்கமாட்டாமல் லோரியை நிறுத்தி, "அவாட் லாமா சங்காட்?" என்று கேட்டார். ஏன் இவ்வளவு நாள் நடக்கிறது என்கிறார். புக்தி அண்ணன் முகத்தை மாற்றாமல், கேள்வித்தாள் கஷ்டம் என்று மலாயில் சொன்னார். லோரிக்காரர் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்காம் வாரத்திலிருந்து பாக்கியம் அக்கா தூங்க ஆரம்பித்தார். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு ஐந்து. முகம் தெளிந்தது. மாவைக் குடித்து இப்படி ஒரு தூக்கமா என்று எனக்கு மண்டை காய்ந்தது. அக்கா மட்டுமில்லை, கமலா அக்காவின் நோட்டின்படி தெருவே தூங்கியது. இரவு ஷிப்டே இல்லாத ஒருவர்கூடக் காலை பதினொரு மணிக்குக் குறட்டை விட்டார்.

எட்டு வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் போத்தலோடு என் வீட்டு முன்னால் கூட வேண்டும் என்று ஏற்பாடு. கவரைப் பிரிக்கும் முன், மிச்சமிருக்கும் பொடியை நிறுத்து, யார் ஒழுங்காகக் குடித்தார்கள் என்று பார்ப்பது முதல் வேலை. அடுப்படித் தராசை மேசையில் வைத்தார். முதல் போத்தல் வந்தது. நிறுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிறுத்தார். எட்டு வாரம் குடித்த பிறகு போத்தல் கொடுத்ததைவிடக் கனமாக இருந்தது.

மூடியைத் திறந்தார். உள்ளே சீனி. அடுத்ததில் முறுக்கு. அதற்கடுத்ததில் மிளகாய்த்தூள். ஒருவர் நெய்யுருண்டை போட்டிருந்தார். இருபது போத்தலும் நிறைந்து வழிந்தன. மிச்சப் பொடியையெல்லாம் தட்டிக் கொட்டி, போத்தலைக் கழுவிக் காயவைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஒரு வீட்டுப் போத்தல வெறும் போத்தலாவா திருப்பிக் குடுப்பாங்க? நாங்க என்னா அப்படிப்பட்டவங்களா?" என்று ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

புக்தி அண்ணன் மெதுவாக, பரவாயில்லை, யாருக்கு எது என்றாவது பார்ப்போம் என்று கவரை எடுத்தார். அப்போதுதான் கமலா அக்கா தொண்டையைச் செருமினார். கழுத்தில் அட்டை ஆடியது. தினமும் வீடு வீடாகப் போனாரல்லவா, சில வீடுகளில் போத்தல் குறைந்துபோயிருந்ததாம். பார்த்தும் பாராமல் வர மனசு கேட்கவில்லையாம். கைப்பையில் எப்போதும் தன் சரக்கு இருக்குமே, அதிலிருந்து இரண்டு கரண்டி, மூன்று கரண்டி போட்டுவிட்டு வந்தாராம். எந்தெந்த வீடு என்று கேட்டதற்கு, அதெல்லாம் எழுதவில்லை, நல்லது செய்வதை யாராவது எழுதி வைப்பார்களா என்றார்.

"பாக்கியத்துக்குமா?" என்று புக்தி அண்ணன் கேட்டார்.

"அவளுக்குத்தான் மொதல்ல. தூங்கட்டுமேன்னுதான் போட்டேன்" என்றார் கமலா அக்கா. எத்தனை நாள், எவ்வளவு என்பது அவருக்கு நினைவில்லை.

நான் எட்டு வாரம் நெஞ்சில் சுமந்த ரகசியம் மூன்று கரண்டியில் கரைந்துபோயிருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, சிரித்துவிட்டேன். புக்தி அண்ணன் தராசை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். பிறகு நோட்டில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்து எல்லாரும் பார்க்கும்படி என் வேலியில் குத்தி வைத்தார். "முடிவு: அமுக்கராவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. சத்தத்தை நான் நிறுத்தியது தப்பு. போத்தலை நான் கொடுத்தது தப்பு. ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி." அவ்வளவு நேர்மையான அறிக்கையை நான் அதற்குப் பிறகு எங்கும் படித்ததில்லை. கூடியிருந்தவர்கள் இருபது போத்தலையும் அங்கேயே திறந்து காலி செய்தார்கள், மிளகாய்த்தூளைத் தவிர.

மறுநாள் திங்கட்கிழமை காலை, பலகையைத் திருப்பி வாங்கலாம் என்று தெரு முனைக்குப் போனேன். புக்தி அண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே, இன்னும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேராலயா, மாவாலயா, சத்தம் இல்லாததாலயா, நான் இங்க உக்காந்திருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சதாலயா, ஒண்ணும் புரியல டீச்சர்."

எனக்கு அவரைச் சீண்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள் அண்ணே, முதலில் நாற்காலியை எடுத்துவிடுங்கள், ஒரே வாரத்தில் தெரிந்துவிடும் என்றேன்.

அவர் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். திரை போட்ட ஜன்னல். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம்கூட இவ்வளவு தூரம் கேட்காது, ஆனாலும் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"வேணாம் டீச்சர். தூங்குறா."

நான் பலகையைக் கேட்கவில்லை. அந்தத் தாமானை விட்டுச் சுங்கை பட்டாணிக்கு வந்து மூன்று வருடமாகிறது. எப்போதாவது காலை நேரத்தில் அந்தப் பக்கம் போனால், இப்போதும் முனைக்கு முன்பே காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.